நம்ம புரோகிராம்ல இருந்து வெளி புரோகிராமை ஓடவிட்டா தமிழ்ப் பேர் ஃபைல் மட்டும் திறக்க மாட்டேங்குது

பாண்டி_விபி

வணக்கம். பாண்டிச்சேரியில ஒரு மொழிபெயர்ப்பு ஆபீஸ், பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிற குடும்பங்க நிறைய வருவாங்க, பிறப்பு சர்டிஃபிகேட், கல்யாண சர்டிஃபிகேட் எல்லாம் பிரெஞ்சுல இருந்து தமிழுக்கும் தமிழ்ல இருந்து பிரெஞ்சுக்கும் மாத்திக் குடுக்குற இடம். அங்க ஓடுற விபி6 (விஷுவல் பேசிக் 6) புரோகிராமை நான்தான் பாத்துக்குறேன். முடிஞ்ச வேலைங்க எல்லாம் பிடிஎஃப்பா ஒரு ஃபோல்டர்ல கிடக்கும், லிஸ்ட்ல கிளிக் பண்ணா சுமத்ராபிடிஎஃப்னு ஒரு பிடிஎஃப் ரீடரை விபியோட ஷெல் கமாண்ட்ல கூப்பிட்டு டீஃபால்ட் பிரிண்டருக்கு அனுப்பிடும், அப்புறம் அந்த ஃபைலை "முடிஞ்சது" ஃபோல்டருக்கு நகர்த்திடும். இவ்ளோதான் வேலை.

இவ்ளோ நாளா எல்லா ஃபைலுக்கும் பிரெஞ்சுலதான் பேர் வைப்பாங்க, தலையில கோடு போட்ட ஈ, வால் வச்ச சி எல்லாம் கூட பேர்ல இருக்கும், ஒரு பிரச்சனையும் வந்தது இல்ல. இப்ப புதுசா சேர்ந்த பொண்ணு தமிழ்லயே ஃபைல் பேர் வைக்குது (அது நியாயம்தான், கஸ்டமர் பேரை தமிழ்ல வச்சா தேட சுலபம்), அந்த ஃபைல் எல்லாம் லிஸ்ட்ல வெறும் கேள்விக்குறியா வருது, கிளிக் பண்ணா சுமத்ரா திறக்குது ஆனா ஃபைல் கிடைக்கலன்னு சொல்லுது. ஷெல் எந்த எர்ரரும் குடுக்கல. யூனிகோட் பிரச்சனைன்னா பிரெஞ்சு எழுத்தும் தகராறு பண்ணணும் இல்ல? அதுதான் புரியல.

இன்னொண்ணு, பெரிய ஃபைலா இருந்தா பிரிண்ட் ஆவுறதுக்கு முன்னாடியே நகர்த்திடுது, பாதி நேரம் பேப்பரே வராது. அதுக்கும் வழி சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்.

கெடிலக்கரை

ஃபைல் லிஸ்ட் எதை வச்சு எடுக்குறீங்க, விபியோட டிர் ஃபங்ஷனா? விண்டோஸ் எந்த வெர்ஷன்? லிஸ்ட்லயே கேள்விக்குறின்னா ஷெல்லுக்குப் போறதுக்கு முன்னாடியே பேர் செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

பாண்டி_விபி

ஆமாங்க டிர்தான். விண்டோஸ் 10, இங்கிலீஷ் இந்தியா செட்டிங்.

ஓடி_சீனியர்

தம்பி, நான் கடலூர் முதுநகர். விபி6 வந்த 1998ல இருந்து அதுலயே குடும்பம் நடத்தினவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

உங்க கேள்வியிலயே பதில் இருக்கு. விபி6 உள்ளுக்குள்ள ஸ்டிரிங்கை யூனிகோடாத்தான் வச்சிருக்கு. ஆனா வெளிய எதைக் கூப்பிட்டாலும், டிர், ஷெல், கில், ஓப்பன், சாதாரணமா டிக்ளேர் பண்ற ஏபிஐ (விண்டோஸோட சொந்த ஃபங்ஷன்) எல்லாமே, அந்த ஸ்டிரிங்கை அந்த மெஷினோட ஆன்சி கோட் பேஜுக்கு (யூனிகோடுக்கு முந்தின எழுத்து அட்டவணை) மாத்தித்தான் அனுப்பும், திரும்பி வர்றதும் அதே வழிதான். இங்கிலீஷ் இந்தியா செட்டிங்குக்கு அந்தக் கோட் பேஜ் 1252. அது மேற்கு ஐரோப்பாவுக்குன்னு பண்ணது. பிரெஞ்சுல இருக்கிற கோடு போட்ட ஈ, வால் வச்ச சி, ஓவும் ஈயும் ஒட்டின எழுத்து எல்லாத்துக்கும் அதுல இடம் உண்டு. தமிழுக்கு ஒரு எழுத்துக்குக் கூட இடம் கிடையாது. சரி, ரீஜன் செட்டிங்ல போய் தமிழ்னு மாத்திக்கலாமான்னா அதுவும் ஆவாது, ஜப்பானுக்கு 932, ரஷ்யாவுக்கு 1251 இருக்கிற மாதிரி தமிழுக்குன்னு விண்டோஸ்ல ஆன்சி கோட் பேஜே வைக்கல, தமிழ் வந்ததே யூனிகோடாத்தான். இடம் இல்லாத எழுத்துக்குப் பதிலா கேள்விக்குறி போட்டு அனுப்பிடும். அதனாலதான் உங்க ஆபீஸ்ல பிரெஞ்சு ஃபைல் ஓடுது தமிழ் ஃபைல் நிக்குது.

ஷெல் ஏன் எர்ரர் குடுக்கலன்னா, அது பாக்குறது சுமத்ரா எக்ஸ்இ இருக்கா இல்லியான்னு மட்டும்தான். எக்ஸ்இ இல்லன்னாதான் 53ன்னு எர்ரர் வரும். எக்ஸ்இ கிளம்பிடுச்சுன்னா ஷெல்லோட கடமை முடிஞ்சுது. நீங்க பின்னாடி ஒட்டி அனுப்பின பேர் சரியா தப்பான்னு அதுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் தேவையில்ல. கேள்விக்குறி ஃபைல் பேர்ல வரவே கூடாத எழுத்து, அதனால சுமத்ராவுக்கு அப்படி ஒரு ஃபைல் எங்கயும் கிடைக்காது.

வழி என்னன்னா, பேர் எடுக்குறதுல இருந்து கூப்பிடுறது வரைக்கும் நடுவுல எங்கயும் ஆன்சி பக்கம் போகாம பாத்துக்கணும். லிஸ்ட் எடுக்க டிர் வேணாம், ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் போடுங்க, அது யூனிகோட்தான். கூப்பிட ஷெல் வேணாம், ஷெல்எக்ஸிக்யூட் டபிள்யூ, கடைசியில டபிள்யூ இருக்கணும், ஏ இருக்கிறதை எடுத்தா பழைய கதைதான். டிக்ளேர்ல ஸ்டிரிங்னு போடாம லாங்னு போட்டு ஸ்டிர்பிடிஆர் மூலமா அட்ரஸை அனுப்புங்க, அப்ப விபி நடுவுல கை வைக்காது. திரும்பி வர்ற நம்பர் 32க்கு மேல இருந்தா கிளம்பிடுச்சு. 2 வந்தா ஃபைல் இல்ல, 31 வந்தா அந்த வகை ஃபைலைத் திறக்க எந்த புரோகிராமும் செட் பண்ணலன்னு அர்த்தம். இந்த நம்பரை லாக்ல எழுதுங்க, எழுதாம விட்டா அப்புறம் கஸ்டமர் போன்ல "வரல சார்"னு மட்டும்தான் சொல்லுவாங்க.

கன்னியக்கோவில்_கனெக்ட்

இவ்ளோ சுத்தணுமா? விண்டோஸ் 10லயே ரீஜன் செட்டிங் உள்ள போனா "உலக மொழிகளுக்கு யூடிஎஃப்8 பயன்படுத்து"ன்னு ஒரு டிக் இருக்கு, பீட்டான்னு போட்டிருக்கும். அதைப் போட்டா ஆன்சி கோட் பேஜே 65001, அதாவது யூடிஎஃப்8 ஆயிடும், கோட்ல கை வைக்காமலே தமிழ் பேர் ஓடும். நான் ஒரு கடையில அப்படித்தான் பண்ணேன், ஓடிக்கிட்டு இருக்கு.

ஓடி_சீனியர்

அந்தக் கடையில அந்த ஒரு புரோகிராம் மட்டும் ஓடினா சரி. ஆனா டைப்பிங், மொழிபெயர்ப்பு ஆபீஸ்ல அதைச் செய்ய நான் ஒத்துக்க மாட்டேன். அந்த டிக் ஒரு புரோகிராமுக்கு இல்ல, மெஷின் முழுக்க மாறும். நம்ம ஊர் டைப்பிங் சென்டர்ல இன்னமும் யூனிகோடுக்கு முந்தின ஃபாண்ட்ல அடிச்ச டாக்குமென்ட் மலை மாதிரி கிடக்கு. 1999ல தமிழ்நெட்99 மாநாடு முடிஞ்சு டாம், டாப்னு ரெண்டு குறியீட்டை தமிழ்நாடு அரசு ஏத்துக்கிச்சு, டாப்ல தமிழ் எழுத்தெல்லாம் 128க்கு மேல இருக்கிற பைட்டுல உக்காந்திருக்கும், டிஸ்கின்னு இருந்த இன்னொரு குறியீடும் அப்படித்தான். யூனிகோடும் டேஸ்16ன்னு ஒரு தமிழ்க் குறியீடும்தான் இனிமேன்னு அரசு சொன்னது 2010ல. நடுவுல இருக்கிற அந்தப் பத்து வருஷத்து டேட்டாபேஸ் எல்லாம் பழைய புரோகிராம்லதான் இருக்கு. அந்தப் பழைய புரோகிராமுக்கு கீழ கோட் பேஜை 65001ன்னு மாத்தினீங்கன்னா 128க்கு மேல இருக்கிற ஒத்தை பைட் தனியா செல்லாது, எழுத்து உடைஞ்சு போவும். அதைவிட மோசம், உடைஞ்ச எழுத்தோட யாராவது சேவ் பண்ணிட்டா திரும்ப எடுக்க முடியாது. பிரிண்ட் எடுக்க ஒரு வழி பண்றேன்னு ஜனங்களோட சர்டிஃபிகேட் பேரைக் கெடுக்கக் கூடாது.

புது புரோகிராம்னா மேனிஃபெஸ்ட்ல (புரோகிராமோட போற செட்டிங் ஃபைல்) ஆக்டிவ் கோட் பேஜ் யூடிஎஃப்8ன்னு எழுதிக்கலாம், 2019ல வந்த விண்டோஸ் 10 1903 வெர்ஷன்ல இருந்து அந்த வசதி இருக்கு, அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் மாறும். அது ஒழுங்கான வழி. ஆனா விபி6க்கு அதைப் போட்டுப் பாக்கணும்னா காப்பி எடுத்து வச்சுக்கிட்டு தனி மெஷின்ல பாருங்க.

கன்னியக்கோவில்_கனெக்ட்

டிஸ்கி ஃபைல் இருக்கிற இடத்துல வேணாம்னு ஒத்துக்குறேன் சீனியர். என் கடையில அது கிடையாது, அதனால அங்க அப்படியே விடுறேன்.

கெடிலக்கரை

விபிக்காரருக்கு ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. ஷெல் காத்திருக்காது. கிளப்பி விட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடும். சுமத்ரா இன்னும் ஃபைலைத் திறந்தே இருக்காது, அதுக்குள்ள நீங்க நகர்த்திடுறீங்க.

சுலபமான வழி டபிள்யூஸ்கிரிப்ட் ஷெல் ஆப்ஜெக்ட், அதுல ரன் மெத்தட், மூணாவது ஆர்க்யூமெண்ட் ட்ரூன்னு குடுத்தா முடியிற வரைக்கும் நின்னு எக்ஸிட் கோடையும் (முடியும்போது புரோகிராம் சொல்லிட்டுப் போற நம்பர்) கையில குடுக்கும். காம் (விண்டோஸ்ல புரோகிராமுங்க ஒண்ணையொண்ணு கூப்பிடுற முறை) வழியா போறதால ஸ்டிரிங் யூனிகோடாவே போவும், உங்க ரெண்டு பிரச்சனையும் ஒரே வரியில தீரும். குறை என்னன்னா அது நிக்கிற வரைக்கும் உங்க ஃபார்மும் உறைஞ்சு நிக்கும், "நாட் ரெஸ்பாண்டிங்"னு தலைப்புல வரும், பயந்து போய் யாராவது டாஸ்க் மேனேஜர்ல மூடிடுவாங்க.

ஓடி_சீனியர்

கெடிலக்கரை சொல்றது இன்னைக்கு ஓடும். ஆனா 2023 அக்டோபர்ல விபிஸ்கிரிப்டை விண்டோஸ்ல இருந்து படிப்படியா எடுக்கப் போறதா மைக்ரோசாஃப்ட் சொல்லிடுச்சு, அந்த ஆப்ஜெக்ட் விபிஸ்கிரிப்ட் இல்லதான், ஆனா அதே ஸ்கிரிப்ட் குடும்பம், சில ஆன்டிவைரஸும் அதைப் பாத்தாலே முறைக்கும். பத்து வருஷம் ஓடணும்னா ஏபிஐயே போடுங்க.

ஷெல்எக்ஸிக்யூட்இஎக்ஸ் டபிள்யூ, மாஸ்க்ல நோகுளோஸ்பிராசஸ், அதோட மதிப்பு 64, அதைக் குடுத்தா பிராசஸ் ஹேண்டில் (ஓடுற அந்த புரோகிராமைப் பிடிச்சுக்கிற நம்பர்) திரும்பக் கிடைக்கும். அதை வெயிட்ஃபார்சிங்கிள்ஆப்ஜெக்ட்ல முடிவில்லாம நிக்க விடாதீங்க, 100 மில்லிசெகண்ட் 100 மில்லிசெகண்டா காத்திருந்து நடுவுல டூஈவென்ட்ஸ் (காத்திருக்கிற கிளிக் மாதிரி வேலைங்களைக் கவனிக்கிற விபி கமாண்ட்) விடுங்க, ஃபார்ம் உயிரோட இருக்கும். அந்த நேரத்துல பட்டனை டிசேபிள் பண்ணிடணும், இல்லன்னா ஒரே ஃபைலை மறுபடி கிளிக் பண்ணுவாங்க, டூஈவென்ட்ஸ் அந்த கிளிக்கையும் உள்ள விட்டுடும். முடிஞ்சதும் கெட்எக்ஸிட்கோட்பிராசஸ், அப்புறம் மறக்காம குளோஸ்ஹேண்டில். கிரியேட்பிராசஸ் பயன்படுத்துறவங்க ரெண்டு ஹேண்டில் மூடணும், பிராசஸுக்கு ஒண்ணு திரெட்டுக்கு ஒண்ணு. நாள் முழுக்க ஓடுற புரோகிராம்ல மூடாம விட்டா மெதுவா மெமரி தின்னும்.

எக்ஸிட் கோடு 259ன்னு வந்தா "இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு"ன்னு அர்த்தம். அதை மட்டும் சுத்திச் சுத்திப் பாத்து முடிஞ்சுதான்னு முடிவு பண்ணாதீங்க, ஏன்னா ஒரு புரோகிராம் நிஜமாவே 259ஐ எக்ஸிட் கோடா குடுத்துட்டு முடிஞ்சா நீங்க காலம் பூரா காத்திருக்க வேண்டியதுதான். வெயிட் ஃபங்ஷன் சொல்றதைத்தான் நம்பணும்.

அப்புறம் ஒண்ணு, சுமத்ரா முடிஞ்சுதுன்னா பேப்பர் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. வேலையை பிரிண்ட் வரிசையைப் பாத்துக்கிற ஸ்பூலர்கிட்ட குடுத்தாச்சுன்னுதான் அர்த்தம். ஃபைலை நகர்த்த அது போதும், பேப்பர் தீந்துபோச்சா சிக்கிக்கிச்சான்றதை ஸ்பூலரைக் கேட்டாதான் தெரியும்.

பண்ருட்டி_மண்டி

காத்திருக்கிற விஷயத்துல ஒரு சந்தேகம். நான் இங்க முந்திரி மண்டிக்கு பில்லிங் பண்றேன், எக்செல் ஃபைலைக் கிளப்பி விட்டு மூடுற வரைக்கும் காத்திருக்கணும்னு எழுதினேன், சில சமயம் காத்திருக்குது, சில சமயம் உடனே முடிஞ்சுதுன்னு சொல்லிடுது. ஒரே கோடுதான்.

கெடிலக்கரை

எக்செல் ஏற்கனவே திறந்திருக்கும்போது கிளப்பினா, புதுசா வந்த பிராசஸ் ஃபைலை பழைய எக்செல் கையில குடுத்துட்டு தான் கிளம்பிடும். நீங்க காத்திருந்தது அந்தப் புதுசுக்கு. பிரவுசரும் அப்படித்தான். சில நேரம் ஷெல்எக்ஸிக்யூட்இஎக்ஸ் வேலை முடிஞ்சும் ஹேண்டிலே குடுக்காது, பூஜ்ஜியம்தான் வரும், அதுவும் இதே காரணம்தான், புதுசா பிராசஸ் எதுவும் உருவாகல. அதனால ஹேண்டில் பூஜ்ஜியமான்னு பாத்துட்டுதான் வெயிட் பண்ணணும். மூடிட்டாங்களான்னு தெரிஞ்சே ஆகணும்னா பிராசஸை விட்டுட்டு ஃபைல் லாக்கைப் பாருங்க, எழுதுறதுக்குன்னு தனியா திறக்க முடியுதான்னு.

லாஸ்பேட்டை_லினக்ஸ்

படிக்கப் படிக்க ஒரு விஷயம் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. லினக்ஸ்ல இந்தப் பாதி பிரச்சனை பிறக்கவே பிறக்காது. அங்க ஃபோர்க் பண்ணா நம்ம பிராசஸ் ரெண்டாவும், குழந்தைப் பக்கம் எக்ஸெக் பண்ணா அது தன்னை அழிச்சுக்கிட்டு புது புரோகிராமா மாறும். ஆர்க்யூமெண்ட் எல்லாம் தனித்தனி ஸ்டிரிங்கா ஒரு வரிசையா போவும், நடுவுல இடைவெளி இருந்தாலும் தமிழ் இருந்தாலும் கேர்னல் (ஓஎஸ்ஸோட மையம்) அதைத் தொடாது, பைட்டு பைட்டா அப்படியே குடுக்கும். விண்டோஸ்ல ஒரே நீளமான ஸ்டிரிங், அதை உடைக்கிறது கூப்பிடப்பட்ட புரோகிராமோட வேலை, ஒவ்வொண்ணும் அது இஷ்டத்துக்கு உடைக்கும்.

ஓடி_சீனியர்

அது உண்மை, மறுக்கல. விண்டோஸ்ல கோட்டேஷன் போடாம புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர் பாத்தைக் குடுத்தா முதல்ல சி டிரைவ்ல "புரோகிராம்"னு ஒரு எக்ஸ்இ இருக்கான்னு தேடும், அப்படி ஒண்ணை எவனாவது வச்சிருந்தா அதுதான் ஓடும். அதே மாதிரி கோட்டேஷனுக்குள்ள ஃபோல்டர் பேர் போட்டு கடைசியில பின்சாய்வுக் கோடு வச்சு முடிச்சா, நிறைய புரோகிராம் அதை "கோட்டேஷனும் பேர்ல ஒரு எழுத்து"ன்னு எடுத்துக்கும், அடுத்த ஆர்க்யூமெண்ட் எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கும். ஃபோல்டர் பேர் கடைசியில அந்தக் கோட்டை எடுத்துட்டு அனுப்புங்க. நீளமும் கணக்கு உண்டு, கிரியேட்பிராசஸுக்கு 32,767 எழுத்து, கமாண்ட் விண்டோ வழியா போனா 8,191தான்.

ஆனா லினக்ஸ்ல உங்களுக்கு வேற தலைவலி இருக்கே.

லாஸ்பேட்டை_லினக்ஸ்

இருக்குங்க. குழந்தை முடிஞ்சதும் அப்பன் வெயிட் கூப்பிட்டு எக்ஸிட் ஸ்டேட்டஸை வாங்கிக்கலன்னா ஜோம்பியா பிராசஸ் டேபிள்ல நிக்கும். மெமரி தின்னாது, ஆனா பிஐடி (பிராசஸ் நம்பர்) ஒண்ணைப் பிடிச்சு வச்சிருக்கும், நாள்பட்ட சர்வர்ல சேந்துக்கிட்டே போனா புதுசா எதையும் கிளப்ப முடியாம போவும். எக்ஸிட் கோடும் படிக்கத் தெரியணும், ஷெல் (விபியோட ஷெல் கமாண்ட் இல்ல, பாஷ் மாதிரி கமாண்டை வாங்கி ஓட்டுற புரோகிராம்) வழியா போகும்போது 127 வந்தா கமாண்டே கிடைக்கல, 126 வந்தா கிடைச்சுது ஆனா ஓட்ட பர்மிஷன் இல்ல, 137 வந்தா 128 கூட 9, அதாவது கில் சிக்னல் வாங்கி செத்திருக்கு, பெரும்பாலும் மெமரி பத்தாம கேர்னலே கொன்னிருக்கும். கிரான்ல (நேரம் வச்சு தானா ஓட்டுறது) போட்டா ஓடல, கையில போட்டா ஓடுதுன்னு சொல்றவங்க முதல்ல பாத் வேரியபிளை (கமாண்டைத் தேடுற ஃபோல்டர் லிஸ்ட்) பாக்கணும், கிரானுக்கு ரெண்டு மூணு ஃபோல்டர் தவிர எதுவும் தெரியாது.

வில்லியனூர்_ஃபைனல்இயர்

அக்கா அண்ணா எல்லாருக்கும் வணக்கம், நான் காலேஜ் கடைசி வருஷம். புராஜெக்ட்டுக்கு பைத்தான்ல ஒரு ஆப், பழைய தமிழ் புக் பக்கத்தை போட்டோ எடுத்து அப்லோட் பண்ணா டெசராக்ட்டைக் கூப்பிட்டு எழுத்தா மாத்தும். ஓஎஸ் டாட் சிஸ்டம்ல கமாண்டை ஸ்டிரிங்கா ஒட்டி அனுப்புறேன், ஓடுது. கைடு "இது செக்யூரிட்டி இல்ல"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க, ஏன்னு சொல்லல. அப்புறம் வீடியோல இருந்து பக்கம் எடுக்க எஃப்எஃப்எம்பெக்னு வீடியோ டூலைக் கூப்பிட்டா கொஞ்ச நேரத்துல அப்படியே நின்னுடுது, எர்ரரும் இல்ல முடியவும் இல்ல.

லாஸ்பேட்டை_லினக்ஸ்

தங்கச்சி, உங்க கைடு சொன்னது ரொம்ப சரி, காரணத்தை நான் சொல்றேன். ஓஎஸ் டாட் சிஸ்டம் உங்க ஸ்டிரிங்கை ஷெல்லுக்கு குடுக்குது. ஷெல்லுக்கு அரைப்புள்ளி வந்தா ஒரு கமாண்ட் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்குதுன்னு அர்த்தம். அப்லோட் பண்றவன் ஃபைல் பேர்லயே அரைப்புள்ளி வச்சு அதுக்குப் பின்னாடி ஹோம் ஃபோல்டரை அழிக்கிற கமாண்டை எழுதி அனுப்பினா, உங்க சர்வர் மறுபேச்சு பேசாம ஓட்டிடும். பெரிய பெரிய புரோகிராமே இதுல மாட்டியிருக்கு. 2016ல இமேஜ்மேஜிக்ல வெளிவந்த இமேஜ்டிராஜிக் ஓட்டை இதேதான், சில வகைப் படத்தைத் திறக்க அது வெளி புரோகிராமைக் கூப்பிடும், படத்துக்குள்ள இருந்து வந்த டெக்ஸ்டை வடிகட்டாம கமாண்ட்ல ஒட்டிடுச்சு. 2014ல ஷெல்ஷாக், அதுல என்விரான்மென்ட் வேரியபிள் வழியாவே பாஷுக்குள்ள கமாண்ட் நுழைஞ்சுது.

மாத்துறது சுலபம். சப்பிராசஸ் மாட்யூல், பைத்தான் 2.4லயே வந்தது, அதுல ரன் ஃபங்ஷன் 3.5ல இருந்து இருக்கு. கமாண்டை லிஸ்டா குடுங்க, டெசராக்ட் ஒண்ணு, இன்புட் ஃபைல் ஒண்ணு, அவுட்புட் ஒண்ணு, மைனஸ் எல் ஒண்ணு, தமிழுக்கான மூணெழுத்து கோடு ஒண்ணு. ஷெல் ஈக்வல் ட்ரூ போடாதீங்க. அப்ப ஷெல்லே நடுவுல வராது, அரைப்புள்ளி வெறும் எழுத்தா போவும். அப்லோட் பண்ண பேரை நீங்க வச்சுக்கவும் வேணாம், நம்பர் குடுத்து சேவ் பண்ணிக்கிட்டு ஒரிஜினல் பேரை டேட்டாபேஸ்ல வைங்க, பேர் மைனஸ்ல ஆரம்பிச்சா ஆப்ஷன்னு நினைச்சுக்கிற தொல்லையும் இருக்காது.

ஓடி_சீனியர்

விண்டோஸ்ல ஓட்டுறதா இருந்தா இதையும் சேத்துக்கம்மா. லிஸ்டா குடுத்தாலும் நீ கூப்பிடுறது பேட்ச் ஃபைலா இருந்தா விண்டோஸ் தானா கமாண்ட் இன்டர்பிரட்டரை நடுவுல கொண்டுவரும், அதுக்கு எஸ்கேப் விதியே வேற. 2024 ஏப்ரல்ல இதே காரணத்துக்காக ரஸ்ட் மொழியே அவசரமா புது வெர்ஷன் விட்டுச்சு. வெளியாள் குடுக்குற டெக்ஸ்டை பேட்ச் ஃபைலுக்கு ஆர்க்யூமெண்டா அனுப்பவே கூடாது.

லாஸ்பேட்டை_லினக்ஸ்

எஃப்எஃப்எம்பெக் நின்னுபோற விஷயம். அது ஓட ஓட எங்க வந்திருக்கேன்னு ஸ்டாண்டர்ட் எர்ரர்லதான் எழுதிக்கிட்டே இருக்கும். நீங்க அதை பைப்ல (ஒரு பிராசஸ் எழுத இன்னொண்ணு படிக்கிற குழாய்) போட்டு வச்சுட்டு படிக்காம வெயிட் மட்டும் கூப்பிட்டிருப்பீங்க. லினக்ஸ்ல பைப்போட கொள்ளளவு சாதாரணமா 65,536 பைட். அது ரொம்பினதும் எஃப்எஃப்எம்பெக் நீங்க எடுக்கிற வரைக்கும் எழுத முடியாம நிக்கும், நீங்க அது முடியிற வரைக்கும் படிக்காம நிப்பீங்க. "முதல்ல நீங்க ஏறுங்க"ன்னு பஸ் படியில ரெண்டு பேரும் நின்ன கதைதான். சின்ன வீடியோல ஓடிடும், பெருசுலதான் நிக்கும், அதனாலதான் புரியாம போவுது. கம்யூனிகேட் கூப்பிடுங்க, இல்ல ரன்லயே கேப்சர் அவுட்புட் போடுங்க, அது ரெண்டு பைப்பையும் சேத்து காலி பண்ணிக்கிட்டே இருக்கும். அவுட்புட் தேவையே இல்லன்னா டெவ்நல்லுக்கு (எழுதினதை எல்லாம் தூக்கிப் போட்டுடுற இடம்) அனுப்பிடுங்க. டாட்நெட், ஜாவா எல்லாத்துலயும் இதே தொல்லைதான், வெயிட்ஃபார்எக்ஸிட்டை முதல்ல போட்டுட்டு அப்புறம் ரீட்டூஎண்ட் போட்டா நிக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம், அவுட்புட் ஃபைல் ஏற்கனவே இருந்தா மேல எழுதவான்னு கேட்டுக்கிட்டு நிக்கும், பதில் சொல்ல அங்க ஆள் இல்ல. மைனஸ் ஒய் போடுங்க, நோஸ்டிடின் ஆப்ஷனும் போடுங்க.

பண்ருட்டி_மண்டி

ஆள் இல்லாத இடத்துல கேள்வி கேக்குறதுன்னு சொன்னதும் என் இன்னொரு பிரச்சனை ஞாபகம் வந்துச்சு. ராத்திரி விண்டோஸ் சர்வீஸா ஓடுற புரோகிராம் லிப்ரேஆபீஸை ஹெட்லெஸ்ல (விண்டோ திறக்காம) கூப்பிட்டு பில்லையெல்லாம் பிடிஎஃப் ஆக்கணும். பகல்ல நான் கையால ஓட்டினா ஆவுது. சர்வீஸா போட்டா ஒண்ணும் வரல. சில நாள் பகல்லயும் வரல, எர்ரர் இல்லாம உடனே முடிஞ்சுடுது.

ஓடி_சீனியர்

ரெண்டு தனிக் காரணம். விஸ்டால இருந்து சர்வீஸ் எல்லாம் செஷன் 0ல தனியா ஓடுது, அதுல இருந்து கிளப்புற எதுவும் உங்க டெஸ்க்டாப்ல தெரியாது. ஏதாவது டயலாக் பாக்ஸ் போட்டு ஓகே அமுக்கச் சொன்னா அது யார் கண்ணுக்கும் படாம விடியிற வரைக்கும் நிக்கும். சர்வீஸ் ஓடுற அக்கவுண்ட்டும் வேற, அதுக்கு டீஃபால்ட் பிரிண்டர் இருக்காது, மேப் பண்ண நெட்வொர்க் டிரைவ் இருக்காது, கரண்ட் ஃபோல்டர் சிஸ்டம்32ஆ இருக்கும். எல்லா பாத்தையும் முழுசா எழுதுங்க, வொர்க்கிங் டைரக்டரியை நீங்களே செட் பண்ணுங்க.

பகல்ல வராதது வேற. அந்த நேரம் யாராவது லிப்ரேஆபீஸைத் திறந்து வச்சிருப்பாங்க. ஒரே புரொஃபைலை ரெண்டு பேர் பிடிக்க முடியாது, அதனால கன்வெர்ட் பண்ணாமலே போயிடும். யூசர்இன்ஸ்டாலேஷன்னு ஒரு என்வ் ஆப்ஷன் இருக்கு, அதுல தனி ஃபோல்டரைக் காட்டினா அந்த வேலைக்குன்னு தனி புரொஃபைல் வச்சுக்கும். முடிஞ்சுதான்னு எக்ஸிட் கோடை மட்டும் நம்பாம பிடிஎஃப் நிஜமா உருவாச்சா, சைஸ் பூஜ்ஜியத்துக்கு மேல இருக்கான்னும் பாருங்க.

தேவனாம்பட்டினம்_ஆப்ஸ்

இவ்ளோ கஷ்டப்பட்டு வெளி புரோகிராமைக் கூப்பிடணுமான்னுதான் எனக்குத் தோணுது. லைப்ரரி இருக்கே, டெசராக்ட்டுக்கும் லைப்ரரி உண்டு, பிடிஎஃப்புக்கும் உண்டு. நம்ம கைக்குள்ள இருக்கும், பாத் பிரச்சனை இல்ல, வெர்ஷன் மாறி உடையாது. ஆண்ட்ராய்ட்ல எங்களுக்கு எக்ஸ்இ கிளப்புற வழியே கிட்டத்தட்ட கிடையாது, ஆப்போட டார்கெட் ஏபிஐ லெவல் 29ஓ அதுக்கு மேலயோ இருந்தா ஆப்போட டேட்டா ஃபோல்டர்ல எழுதின ஃபைலை எக்ஸெக் பண்ணவே விடாது. இன்டென்ட் மட்டும்தான், "இந்த பிடிஎஃப்பை யாராவது திறங்க"ன்னு சிஸ்டத்துகிட்ட சொல்லணும், அதுவும் ஆண்ட்ராய்ட் 7ல இருந்து ஃபைல் பாத்தை நேரா குடுத்தா கிராஷ், ஃபைல்புரொவைடர் வழியா தற்காலிக பர்மிஷன் குடுத்துத்தான் அனுப்பணும். ஆண்ட்ராய்ட் 11ல இருந்து மேனிஃபெஸ்ட்ல குவெரீஸ் எழுதலன்னா எந்த ஆப் இருக்குன்னு கூட கண்ணுக்குத் தெரியாது, போன்ல பிடிஎஃப் ரீடர் இருக்கும், கேட்டா இல்லன்னு வரும்.

லாஸ்பேட்டை_லினக்ஸ்

இதுல நான் உங்ககூட ஒத்துப்போக மாட்டேன். தனி பிராசஸா கூப்பிடுறதுல பெரிய நன்மை இருக்கு. ஒரு கெட்ட பிடிஎஃப் வந்து ரீடர் கிராஷ் ஆனா ரீடர் மட்டும் சாவும், உங்க புரோகிராமும் அதுல பாதி அடிச்சு வச்ச டேட்டாவும் பிழைக்கும். லைப்ரரியா உள்ள வச்சிருந்தா மொத்தமா போவும். மெமரி லீக் இருந்தாலும் அது முடிஞ்சதும் ஓஎஸ் எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கும். லைசன்ஸும் ஒரு காரணம், ஜிபிஎல்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸ்ல இருக்கிற லைப்ரரியை உள்ள இணைச்சா உங்க புரோகிராமையும் அதே லைசன்ஸ்ல விட வேண்டி வரும், ஆனா பைப், சாக்கெட், கமாண்ட்லைன் ஆர்க்யூமெண்ட் வழியா பேசுறது சாதாரணமா ரெண்டு தனி புரோகிராம் பேசிக்கிற முறைன்னு அந்த லைசன்ஸை எழுதின எஃப்எஸ்எஃப்போட கேள்வி பதில் பக்கத்துலயே இருக்கு. அதை வச்சுக்கிட்டு ஏமாத்தலாம்னு சொல்லல, ரெண்டும் நெருக்கமா பின்னிக் கிடந்தா அதையும் ஒண்ணாத்தான் பாப்பாங்க.

தேவனாம்பட்டினம்_ஆப்ஸ்

கிராஷ் விஷயம் சரி, ஒத்துக்குறேன். ஆனா ஒரு செகண்டுக்கு நூறு தடவை கூப்பிடுற வேலைக்கு பிராசஸ் கிளப்புறது ஆவாது, அதுவும் விண்டோஸ்ல பிராசஸ் உருவாக்குறது லினக்ஸை விட பாரமான வேலை.

கெடிலக்கரை

நூறு தடவைன்னா லைப்ரரி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னா தனி பிராசஸ். மண்டிக்கும் மொழிபெயர்ப்பு ஆபீஸுக்கும் ரெண்டாவதுதான் பொருந்தும், எனக்கு இதுல சந்தேகமே இல்ல.

பாண்டி_விபி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சீனியர் சொன்னபடி டிர்ரை எடுத்துட்டு ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் போட்டேன், கூப்பிடுறதை ஷெல்எக்ஸிக்யூட்இஎக்ஸ் டபிள்யூக்கு மாத்தினேன், தமிழ் பேர் ஃபைலும் பிரெஞ்சு பேர் ஃபைலும் இப்ப ஒரே மாதிரி பிரிண்ட் ஆவுது, காத்திருந்துதான் நகருது. நகர்த்துறதுக்கும் விபியோட நேம் கமாண்ட் ஆவல, அதுவும் ஆன்சிதான், ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்லயே மூவ்ஃபைல் போட்டேன்.

லிஸ்ட்பாக்ஸ்ல மட்டும் இன்னும் கேள்விக்குறிதான் தெரியுது. அதோட தமிழ் டைப் பண்ண ஆன்ஸ்கிரீன் கீபோர்டைத் திறக்க ஒரு பட்டன் வச்சேன், சிஸ்டம்32ல இருக்கிற ஓஎஸ்கே எக்ஸ்இயைக் கூப்பிட்டா கீபோர்டைத் துவக்க முடியலன்னு வருது, நேரா டபுள் கிளிக் பண்ணா திறக்குது.

ஓடி_சீனியர்

லிஸ்ட்பாக்ஸ் விபியோட சொந்த கன்ட்ரோல், அதுவே ஆன்சி. அந்த மெஷின்ல எம்எஸ் ஆபீஸ் இருந்தா ஃபார்ம்ஸ் 2.0 கன்ட்ரோல் கூடவே வந்திருக்கும், அதுல இருக்கிற லிஸ்ட்பாக்ஸ் யூனிகோட் காட்டும். அந்த டிஎல்எல்லை நீங்க தனியா எடுத்து வேற மெஷினுக்கு குடுக்க மட்டும் லைசன்ஸ் இல்ல, ஆபீஸ் போட்டாத்தான்.

கீபோர்ட் விஷயம், விபி6 எக்ஸ்இ 32 பிட், உங்க விண்டோஸ் 64 பிட். 32 பிட் புரோகிராம் சிஸ்டம்32ன்னு கேட்டா விண்டோஸ் சத்தமில்லாம சிஸ்வாவ்64க்கு திருப்பி விட்டுடும், அங்க இருக்கிற 32 பிட் கீபோர்ட் 64 பிட் விண்டோஸ்ல ஓடாது. பாத்துல சிஸ்டம்32க்குப் பதிலா சிஸ்நேட்டிவ்னு போடுங்க, 32 பிட் புரோகிராமுக்கு மட்டும் தெரியிற பேர் அது, நேரா 64 பிட் ஃபோல்டருக்குப் போவும். எக்ஸ்புளோரர்ல தேடினா அப்படி ஒரு ஃபோல்டர் தெரியாது, பதற வேணாம். அதை ஷெல்எக்ஸிக்யூட்ல குடுத்து ஆவலன்னா வாவ்64 ரீடைரக்‌ஷனை நிறுத்துற ஏபிஐ ஒண்ணு இருக்கு, கூப்பிடுறதுக்கு முன்னாடி நிறுத்திட்டு கூப்பிட்டதும் உடனே திரும்பப் போட்டுடணும், அப்படியே விட்டா உங்க புரோகிராம் அடுத்து லோட் பண்ற டிஎல்எல் எல்லாம் தப்பான ஃபோல்டர்ல தேடும்.

கெடிலக்கரை

எப்பயாவது இதை டாட்நெட்டுக்கு மாத்துறதா இருந்தா இதையும் குறிச்சு வச்சுக்குங்க. பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்ல பிராசஸ் ஸ்டார்ட்ல பிடிஎஃப் பேரை மட்டும் குடுத்தா திறக்கும், ஏன்னா யூஸ்ஷெல்எக்ஸிக்யூட் தானா ட்ரூ. டாட்நெட் கோர்ல இருந்து அது தானா ஃபால்ஸ், அதே வரி எக்ஸெப்ஷன் போடும். நீங்களே ட்ரூன்னு எழுதணும். அட்மின் பர்மிஷன் கேக்குற எக்ஸ்இயை ஃபால்ஸ்ல கூப்பிட்டா 740ன்னு எர்ரர் வரும், அதுக்கும் ட்ரூ போட்டு ரன்ஆஸ் வெர்ப் குடுக்கணும்.

வில்லியனூர்_ஃபைனல்இயர்

கம்யூனிகேட் போட்டதும் பெரிய வீடியோவும் முடியுது அண்ணா, நன்றி. கடைசியா ஒண்ணு, டைம்அவுட் வச்சா நேரம் தாண்டினதும் கில் ஆவுது, ஆனா அது கிளப்பின வேற பிராசஸ் ஓடிக்கிட்டே இருக்கு, அதை எப்படி நிறுத்துறது?

லாஸ்பேட்டை_லினக்ஸ்

கில் நேரடிக் குழந்தைக்கு மட்டும்தான் போவும், பேரப்பிள்ளைங்களுக்குப் போவாது. கிளப்பும்போதே ஸ்டார்ட் நியூ செஷன் ட்ரூன்னு குடுத்தா அது தனி குரூப்போட தலைவனா ஆயிடும். ரன் ஃபங்ஷன்ல டைம்அவுட் வர்றப்ப பிஐடி கையில இருக்காது, அதனால பாப்பன்ல கிளப்பி கம்யூனிகேட்ல டைம்அவுட் குடுங்க, நேரம் தாண்டினதும் கில்பிஜி மூலமா மொத்த குரூப்புக்கும் முதல்ல டெர்ம் சிக்னல், கொஞ்சம் பொறுத்து கில் சிக்னல். கொன்னதுக்கு அப்புறம் இன்னொரு தடவை கம்யூனிகேட் கூப்பிட்டு ஸ்டேட்டஸை வாங்கிடுங்க, இல்லன்னா ஜோம்பி நிக்கும். விண்டோஸ்ல இதுக்கு ஜாப் ஆப்ஜெக்ட் (பிராசஸ் எல்லாத்தையும் ஒரு குரூப்பா கட்டுறது), அதுல கில் ஆன் ஜாப் குளோஸ் போட்டு வச்சா உங்க புரோகிராம் செத்தா அது கிளப்பின எல்லாம் கூடவே செத்துடும். புராஜெக்ட் எந்த ஓஎஸ்ல காட்டப் போறீங்கன்னு சொல்லுங்க, அதுக்கேத்த கோடை எழுதிப் போடுறேன்.